ஏழாம் மெஷினின் காவல்

முன்பின் தெரியாதவரின் நம்பிக்கைக்கு இந்த ஊரில் இன்றைய விலை இரண்டு போர்வை, ஐந்து சட்டை, ஒரு குழந்தைக் கவுன். தெருமுனைச் சலவைக்கூடத்தில், அவையெல்லாம் சுழலும் ஏழாம் எண் மெஷினுக்கு முன்னால் என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். சற்று முன்பு ஒரு பெண் அந்த மெஷினைக் காட்டி, பார்த்துக்கொள்ளும்படி இவளிடம் சைகை செய்துவிட்டு வெளியே ஓடினாள். இந்த நாட்டுக்கு வந்த நாற்பத்தொரு நாளில் எங்களிடம் யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. காலை வெயில் கண்ணாடி வழியாக நுழைந்து நுரையோடு சேர்ந்து சுற்றுகிறது. எங்கள் துணி காய்ந்து, மடிந்து, பைக்குள் போய் அரைமணி ஆகிறது.

"ஏம்மா, அது என்ன நகைக்கடையா? கிளம்பு."

"நீங்க போங்க. என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்கா."

"அவ யாருன்னே உனக்குத் தெரியாதே."

"நான் யாருன்னு அவளுக்கு மட்டும் தெரியுமா?"

மெஷின் நிற்கிறது. கூடையோடு வந்த நெட்டையன் ஒருவன், உள்ளே இருப்பதை எடுத்துப்போட்டு இடம்பிடிக்க அதன் கதவில் கைவைக்கிறான். இவள் எழுந்து உள்ளங்கையை உயர்த்துகிறாள். ஊரில் எங்கள் கடைக்குக் கடன் கேட்டு வந்தவர்களைப் படியிலேயே நிறுத்திய கை அது. அவன் என்னைப் பார்க்கிறான். நான் அவசரமாகத் தரையைப் பார்க்கிறேன். அவன் பெஞ்சில் போய் உட்காருகிறான்.

இடுப்பில் குழந்தையோடு அந்தப் பெண் மூச்சிரைக்க வருகிறாள். இவள் இன்னும் இறக்காத கையையும் பெஞ்சிலிருப்பவனையும் பார்த்து நடந்ததைப் புரிந்துகொண்டு சிரிக்கிறாள். இவள் கையைப் பற்றி அழுத்திவிட்டு, சுவர்க் காலண்டரில் அடுத்த சனிக்கிழமையைத் தட்டிக் காட்டுகிறாள்.

"அன்னைக்கும் வரச் சொல்றாங்க," என்று எனக்குக் கிசுகிசுக்கிறவளின் முகத்தில் பல்லெல்லாம் தெரிகிறது.

ஆக, இந்த ஊரில் எங்கள் வரவுக் கணக்கில் தெரிந்தவள் ஒருத்தி. பெயர் மட்டும் பாக்கி.