பக்கத்து சீட்

பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக சுகந்தி தன் காரின் எடையைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஏசி போனது, பின்சீட் போனது, ஸ்பீக்கர்கள் போயின. எஞ்சினைப் புதிதாக ட்யூன் செய்தாள். இன்று தடத்துக்கு வந்தபிறகு, கணவன் அருள்தாஸ் உட்காரும் பக்கத்து சீட்டையும் கழற்றிக் கீழே இறக்கினாள்.

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"அதுலயேதான்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

அவன் சீட்டைத் தூக்கிப்போய், கடைசி வளைவுக்கு எதிரே வேலியோரப் புல்லில் போட்டு உட்கார்ந்தான். கார் வளைவை நெருங்கும்போதெல்லாம் "பிரேக், பிரேக்" என்றபடி அவன் வலது கால் புல்லை அழுத்தியது. இத்தனை வருடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அப்படித்தான் அழுத்தியிருக்கிறான். அவளோ அவன் கால் அழுந்தி வெகுநேரம் கழித்துத்தான் பிரேக்கைத் தொட்டாள். சுற்றுக்குச் சுற்று இன்னும் தள்ளிப்போட்டாள். அவன் காலுக்கடியில் புல் நசுங்கி மண் தெரிந்தது. கடைசிச் சுற்றில் கார் கண்ணில் பட்டதும் அருள்தாஸ் இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டான்.

"போ" என்றான்.

எஞ்சின் சத்தம் குறையவே இல்லை. வளைவு வந்தது. கார் வலப்பக்கம் திரும்ப, வேலியோரத்தில் அவன் உடம்பு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.