பெற்றிசியா குறிச்ச ஆறு இடம்

"பொலிசின்ர ஸ்பீட் கமரா நிக்கிற இடத்தை முன்கூட்டியே சொல்லுற சாமான் ஒண்டு வேணும் தம்பி," எண்டபடி பெற்றிசியா கடைக்குள்ள வந்தா.

மன்னார் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில நௌஷாட்டின்ர போன் கடை. நௌஷாட் கண்ணாடி அலுமாரியைத் திறந்தார்.

"காருக்கோ அக்கா?"

"லொறிக்கு. என்ர மனிசனுக்கு."

கதிரையில இருந்த அருட்பிரகாசம் நிமிர்ந்து பார்த்தார். பஸ் ஸ்ராண்ட் ரைம்கீப்பர். உடைஞ்ச போன் கண்ணாடியை மாத்தக் குடுத்திட்டு, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா "முடிஞ்சுதோ?" எண்டு கேட்டுக்கொண்டிருந்தவர்.

பெற்றிசியாவின்ர மனிசன் கிறகரியை அவருக்கு நல்லாத் தெரியும். பேசாலையில இருந்து தம்புள்ளைக்கு மீன் லொறி ஓடுறவன். ஐஸ் உருக முதல் போய்ச் சேரோணும் எண்டு பறப்பான். வெறும் பெட்டியோட திரும்பி வரேக்கையும் அதே பறப்புத்தான்.

"பொலிஸ் நிண்டா எதிர வாறவங்கள் லைற் அடிச்சுக் காட்டுவாங்கள்தானே," நௌஷாட் சிரிச்சார். "பிறகேன் இது?"

"பொலிஸ் நிக்கிற இடத்தில மட்டும்தானே தம்பி அடிப்பாங்கள்?"

நௌஷாட்டுக்கு அது விளங்கேல்லை. ஆனா யாவாரம் எண்டபடியா விளங்கின மாதிரித் தலையாட்டிப்போட்டு, மூண்டு பெட்டியை எடுத்து மேசையில வைச்சார்.

"இது பெரிய ஸ்கிறீன் அக்கா. படமும் பாக்கலாம்."

"வேண்டாம். அவர் றோட்டைப் பாக்கட்டும்."

"அப்ப இது. குரல் நல்ல இனிமை. பொம்பிளைக் குரல்."

"பொம்பிளை சொல்லி அவர் கேக்கமாட்டார். நான் பதினேழு வருசமாச் சொல்லிப் பார்த்திட்டன். மற்றதைக் காட்டுங்கோ."

மூண்டாவதை நௌஷாட் அமத்தினார். ஒரு ஆம்பிளைக் குரல் இங்கிலிசில குலைச்ச குலைப்பில அருட்பிரகாசம் கதிரையை விட்டு எழும்பிட்டார்.

"இது நல்லம்," எண்டா பெற்றிசியா.

"இங்கிலிஸ் அக்கா. அவருக்கு விளங்குமோ?"

"கமரா எண்டது விளங்கும். அது காணும். சத்தத்தைக் குறைக்கேலுமோ?"

"ஓம், இதில பிடிச்சு..."

"அவரால குறைக்கேலாமச் செய்து தாங்கோ."

"பாஸ்வேர்ட் போடலாம்."

"போடுங்கோ. எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

அருட்பிரகாசத்துக்கு அதுக்கு மேல பொறுக்கேல்லை.

"பிள்ளை, போன கிழமை பள்ளிக்கூடம் விடேக்க உன்ர மனிசன் பறந்த பறப்பில ஒரு சின்னனின்ர சாப்பாட்டுப் பெட்டி ரயருக்குள்ள நசிஞ்சது. பெட்டியோட போனது மடு மாதாவின்ர புண்ணியம். தெரியுமோ உனக்கு?"

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சும் இதை வாங்கிறியோ?"

"தெரிஞ்சபடியாத்தான் வாங்கிறன்."

"நல்லாயிருக்கு! கள்ளனுக்குப் பெண்சாதி ஏணி வாங்கிக் குடுக்கிறா. தம்பி நௌஷாட், ஏணி ஆடாம நீர் பிடிச்சுக்கொண்டு நில்லும்!"

நௌஷாட் வயரைச் சுத்திற மாதிரிக் குனிஞ்சுகொண்டார். பெற்றிசியா பெட்டியைத் தன்ர பக்கம் இழுத்தா.

"தம்பி, இதில நாங்களா இடம் குறிக்கலாமோ?"

"ஓம் அக்கா. புதுசாக் கமரா வந்தா றோட்டு மப்பில அந்த இடத்தைத் தொட்டாச் சரி. முந்நூறு மீற்றருக்கு முந்தியே கத்தும்."

அவ கைப்பைக்குள்ள இருந்து மடிச்ச கொப்பித்தாள் ஒண்டை எடுத்தா. ஆறு இடம் எழுதியிருந்தா.

"ஒண்டு, பேசாலை நீலக் கேற்றடி. ரெண்டு, எருக்கலம்பிட்டிச் சந்தி. மூண்டு, தாம்போதிப் பாலத்துக்கு இங்கால கழுதையள் படுக்கிற வளைவு. நாலு, உயிலங்குளம் ரியூசன் கொட்டிலடி. அஞ்சு, முருங்கன் ஆஸ்பத்திரியடியில றோட்டுக் கடக்கிற மஞ்சள் கோடு..."

"நில்லு, நில்லு!" அருட்பிரகாசம் மேசைக்குக் கிட்ட வந்திட்டார். "ஆர் உனக்கு இந்த லிஸ்ற் தந்தது? முழுக்கப் பிழை. நீலக் கேற்றடியில எந்தப் பொலிஸ் நிக்கிறான்? அவங்கள் அரைக் கட்டை தள்ளி, புளியமரத்துக்குப் பின்னால. முருங்கனில நெல்லு மில்லுக்கு அங்கால. அதுவும் காலமை எட்டரைக்குப் பிறகுதான்."

நௌஷாட் அவரையே பார்த்தார். "ஐயாவுக்கு எல்லாம் பாடம்."

"பின்ன? எங்கட பஸ்காரருக்கு ஆர் போனில சொல்லுறது? இந்தக் கண்ணாடி உடைஞ்சதால இண்டைக்கு மட்டும் ரெண்டு பஸ் பிடிபட்டு..."

அதோட நிப்பாட்டிப்போட்டு, இருமினார்.

ஏணிக் கதையை அவர் பிறகு எடுக்கேல்லை.

"சரி பிள்ளை," அவர் குரலைத் தணிச்சார். "வாங்கிறதெண்டு வந்திட்டாய். அதை அழிச்சுப்போட்டு நான் சொல்லுற இடங்களைக் குறி."

"வேண்டாம் ஐயா. இதுதான் இடங்கள். ஆறாவது மடுச் சந்தி பஸ் தரிப்பு, தம்பி."

"அட, நான் ரைம்கீப்பரா வந்த நாள் தொடக்கம் இந்த ஆறு இடத்திலயும் ஒரு பொலிஸ்காரன் நிண்டதில்லை எண்டுறன்!"

"அது தெரிஞ்சுதான் ஐயா எழுதிக்கொண்டு வந்தனான்."

நௌஷாட்டின்ர விரல் மப்பில அப்பிடியே நிண்டது.

பெற்றிசியா தாளை மடிச்சுப் பைக்குள்ள வைச்சா.

"நீலக் கேற்றாலதான் பள்ளிக்கூடம் விடுறது. போன கிழமை அந்தப் பிள்ளை தப்பின பிறகு அவர் இனிப் பறக்கமாட்டன் எண்டு மாதா முன்னால சத்தியம் பண்ணினவர். சத்தியம் உயிலங்குளம் வரைக்கும்தான் நிண்டது. பிள்ளையளுக்கும் நோயாளியளுக்கும் கழுதையளுக்கும் அவர் பிறேக் அடிக்கமாட்டார் ஐயா, பொலிசுக்கு மட்டும்தான் அடிப்பார். அதுதான், பொலிஸ் இல்லாத இடத்தில எல்லாம் நானே வைக்கிறன்."