பாக்கியத்தாயின் மகன்

அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மாணவர்களின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

இனி இந்த வகுப்பு முடியும்வரை அவள் பேராசிரியை இல்லை. பாக்கியத்தாய். கணவன் லாரி ஷெட்டில் சுமை தூக்குகிறான். ஒரே மகன்.

சமூகவியல் இரண்டாம் ஆண்டுக்கு ஆய்வு முறைகள் பாடம் எடுக்க வந்த நாளிலிருந்து இப்படித்தான். பிள்ளைகளைக் கேள்வித்தாளோடு ஊருக்குள் அனுப்புவதற்கு முன்னால் வகுப்பிலேயே ஓர் ஒத்திகை. ஒரு பிள்ளை எதிரே நாற்காலி போட்டுக் கேட்கும். பாக்கியத்தாய் பதில் சொல்வாள். மற்றவர்கள் குற்றம் கண்டுபிடிப்பார்கள். அதில் மட்டும் எந்த வருஷத்துப் பிள்ளைகளும் சோடை போனதில்லை.

வேறு ஆளாக நடிக்கக் கூடாதா, அரைத்த மாவையே அரைக்கிறீர்களே என்று துறைத்தலைவர் கிண்டல் செய்வார். அவள் சிரித்து மழுப்புவாள்.

மாற்ற முடியாது.

அவளுக்கு ஒரு மகன் இருந்தான். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். விடுப்பு முடிந்து வந்த வருஷம் ஒத்திகையில் ஒரு மாணவன் கேட்டான். பையனுக்கு என்ன வயசும்மா?

ஏழு என்று வாயில் வந்துவிட்டது.

அடுத்த வருஷம், எட்டு.

வீட்டில் அவன் படத்துக்குள் இருக்கிறான். அவன் பேரைக் கணவர் எடுப்பதில்லை. அவளும் எடுப்பதில்லை. இங்கே, வருஷத்துக்கு ஒரு தடவை, இந்தப் பெஞ்சில், அவன் வளர்கிறான். ஒரு வருஷம் பல் விழுந்து முளைத்தது. ஒரு வருஷம் குரல் உடைந்தது. இன்னொரு வருஷம் மீசை அரும்பி, அப்பாவோடு முறைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தான்.

பைத்தியக்காரத்தனம்தான். அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் இந்த ஒரு வகுப்புக்காகத்தான் மற்ற வகுப்புகளையெல்லாம் அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் கேட்க வந்தவள் பிரம்மசக்தி. வருகைப் பதிவுக்குக்கூட வாய் திறந்து சத்தம் காட்டாத பெண்.

"பையனுக்கு என்ன வயசும்மா?"

"பத்தொம்பது. காலேஜ் போறான். வண்டி வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கான்."

வகுப்பு சிரித்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிரம்மசக்தி அவசரப்படவில்லை. எழுதி முடித்து, நிமிர்ந்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்டாள். சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை. கேள்வி கேட்கிற மாதிரியே இல்லை, பக்கத்து வீட்டுப் பெண் வந்து பேசிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது.

"போன தீவாளிக்குப் பையனுக்கு என்னம்மா எடுத்தீங்க?"

"டவுசர், சட்டை. சட்டைல பஸ் படம் போட்டிருக்கணும். இல்லன்னா போட்டுவிடக் கையத் தூக்க மாட்டான்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது.

"எல, பத்தொம்பது வயசுக்கு டவுசராம்ல!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

பிரம்மசக்தி சிரிக்கவில்லை.

இரண்டு பதில் ஒன்றுக்கொன்று இடித்தால், முகம் மாறாமல், குரல் உயராமல், முதல் கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் மதிப்பெண் போச்சு. அவளே படித்துப் படித்துச் சொன்னது. வளர்த்த கடா மார்பில் பாயப் போகிறது.

பத்தொன்பது என்று சொல்ல இனி வாய் வராது.

ஆறு என்று சொன்னால் அத்தோடு சரி. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை அவளே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவனுக்கு இருபது வயது கிடையாது.

பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கேட்டுவிடாதே தாயே என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

பிரம்மசக்தி கேள்வித்தாளைப் பார்த்தாள்.

அவளைப் பார்த்தாள்.

பக்கத்தைப் புரட்டினாள்.

"சமையல் கேஸ்லயா, விறகுலயாம்மா?"

கேஸ் என்றாள் பாக்கியத்தாய்.

வகுப்பு சும்மா விடுமா? ஒத்திகை முடிந்ததும் ஆளாளுக்கு எழுந்தார்கள். வயசைத் திரும்பக் கேக்கல மேடம். கோட்டை விட்டுட்டா மேடம். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அடையாள அட்டையை மாட்டிக்கொண்டாள். மணி அடித்தது. எல்லாரும் கேண்டீனைப் பார்த்து ஓடினார்கள்.

பிரம்மசக்தி மட்டும் நாற்காலியைத் தூக்கி அதன் இடத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் கேட்காமல் அவளைப் போக விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"பதில் இடிச்சது தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சுது மேடம்."

"பிறகு ஏன் திருப்பிக் கேக்கல?"

பெண் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்லயும் ஒரு தம்பி இருக்கான் மேடம். எங்கம்மைக்கு மட்டும்."

பிறகு சொன்னாள்.

"இந்த வருசம் பத்தாப்பு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். பிரம்மசக்தி வந்து உட்கார்ந்தாள்.

வெளியே பிள்ளைகளின் சத்தம் குறைந்துகொண்டே போனது.

"நல்லாப் படிக்கானா?" என்று கேட்டாள்.

"கணக்குதான் மண்டைல ஏறலையாம் மேடம்."