பெரிய ஓட்டை, சின்ன ஓட்டை

"என் நாப்பத்தஞ்சு பிஸ்டலை மட்டும் விடச் சொல்லாதே, டார்லீன்," என்றான் வெர்லின். மறுநாள் ஓஹையோவில் அவர்கள் கிளப்பின் பிஸ்டல் போட்டி. ஆறு வருடமாக அவனுக்கு இரண்டாமிடம்தான். கோப்பை கைக்கு வரவேயில்லை.

"நாப்பத்தஞ்சு காலிபர் கையைத் தூக்கி அடிக்குது. இருபத்திரெண்டு அலுங்காது. குறியும் தப்பாது," என்றாள் மனைவி.

"குண்டு பெருசுன்னா ஓட்டையும் பெருசு. ஓட்டையோட ஓரம் வட்டக் கோட்டைத் தொட்டாலே உள்வட்டத்து மார்க் கிடைக்கும். இருபத்திரெண்டு போடுறது கொசு கடிச்ச ஓட்டை."

"கொசு நடுவுல கடிச்சா போதாதா? உன் மணிக்கட்டுக்குத் தைலம் தேய்ச்சு என் கைதான் ஓயுது."

மறுநாள் அவன் இருபத்திரண்டைத்தான் எடுத்துப் போனான்.

அவள் சொன்னது பலித்தது. முந்நூறுக்கு இருநூற்று எண்பத்தொன்பது. வாழ்நாளில் அவன் தொடாத மார்க். கோப்பையை வீட்டில் எங்கே வைப்பது என்றுகூட யோசித்துவிட்டான்.

நடுவர் தாளைப் பார்த்து வாசித்தார். "முதலிடம், இருநூத்தித் தொண்ணூத்தி நாலு, டார்லீன்."

எப்போதும்போல அவனுக்கு வலப்பக்கத்தில் நின்று சுட்ட மனைவி, தன் பிஸ்டலைப் பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆறு வருஷமா உன் நாப்பத்தஞ்சு துப்புற சூடான தோட்டாக் கூடெல்லாம் என் காலருக்குள்ளதான் விழுந்துச்சு. இருபத்திரெண்டோட குட்டிக் கூடு என் பக்கம் எட்டவேயில்ல. இன்னிக்குத்தான் நிம்மதியா குறி பார்த்தேன்."

"அப்போ என் மணிக்கட்டுக்காகன்னு சொன்னது?"

"அதுவும் நிஜம்தான். உனக்கும் மார்க் ஏறுச்சுல்ல?"

வெர்லின் சிரித்துவிட்டான். "சரி, கோப்பையை டிவிக்குப் பக்கத்துல வைக்கலாம். நான் ஏற்கெனவே இடம் பார்த்துட்டேன்."