எலும்புப் பக்கம்

செல்போன் டார்ச்சை எரியவிட்டு, அட்டைக் கண்ணாடியை அதற்கு நேரே பிடித்தார்.

மூலையில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் கசிந்தது.

கத்தரிக்கோலால் நடுவே வெட்டிக் குப்பைப் பெட்டியில் போட்டார். முழுசாகப் போட்டால் எவனாவது எடுத்து மாட்டிக்கொள்வான்.

நாளைக் காலை எட்டு மணிக்குக் கிரகணம் பிடிக்கும். இந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடும். வந்திருக்கும் கண்ணாடி ஒவ்வொன்றையும் அவரே பார்த்தாக வேண்டும். அவருடைய அறிவியல் மன்றத்து ஆட்கள் உதவிக்கு வருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

"சாருக்கு என்ன பொறுப்பு பாருங்க!" என்று தலைமையாசிரியர் மெச்சிவிட்டுப் போனார்.

பொறுப்பாம்!

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் அவர். பத்து வருஷத்துக்கு முன்னால் வந்த கிரகணத்துக்கும் அவர்தான் முன்னால் நின்றார். கழித்துப்போட்ட பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, துண்டு துண்டாக வெட்டித் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ஃபிலிம் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

தெரியாமல் செய்ததை யாரும் மன்னிப்பார்கள்.

தெரிந்து செய்தது ஒன்று இருந்தது.

ஃபிலிமில் காற்றுள்ள இடம் கறுப்பாக விழும். எலும்பு வெளுப்பாக விழும், வெளிச்சத்தை அப்படியே உள்ளே விட்டுவிடும். அதுதான் அவர் பிழைப்பு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கறுத்த துண்டெல்லாம் முண்டியடித்து முன்னால் வந்த பிள்ளைகளுக்குப் போய்விட்டது. கடைசியில் வந்தவள் கௌசிகா. எதிர்வீட்டு இந்திராணியின் மகள். ஏழு வயது.

கையில் மிச்சம் இருந்தது இடுப்பெலும்புப் பக்கம்.

"மாமா, இதுல கண்ணு கூசுது."

"சுருக்கிட்டுப் பாரு. ஒண்ணும் ஆகாது."

வெயிலில் நின்று நின்று அலுத்திருந்தார். சாப்பிடப் போக வேண்டும். அவ்வளவுதான் காரணம், வேறு ஒரு மண்ணும் இல்லை.

இரண்டு நாளில் கௌசிகாவின் இரண்டு கண் பார்வையிலும் நட்டநடுவே கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தது. அது போகவே இல்லை.

சூரியனைப் பார்த்ததால் வந்தது என்றார் கண் டாக்டர். இந்திராணிக்கு மனசு ஆறவில்லை. தெருவில் இருபது பிள்ளைகள் பார்த்தார்கள். இருபதும் நன்றாக இருக்கின்றன. தன் பிள்ளைக்கு மட்டும் ஏன்?

யோசித்து யோசித்து அவளே கண்டுபிடித்தாள். அன்று மத்தியானம் பிள்ளை பசி தாங்காமல் அழுதது. கிரகணம் விடுவதற்குள் இரண்டு கை தயிர்ச்சோறு ஊட்டியிருந்தாள்.

மாமியார் அதையே பிடித்துக்கொண்டாள். சோற்றை ஊட்டிக் கண்ணைப் பிடுங்கியவள் என்று கல்யாண வீட்டிலும் சொன்னாள், சாவு வீட்டிலும் சொன்னாள். இந்திராணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றிலிருந்து அவள் தயிரைத் தொட்டதும் இல்லை.

அவரோ ஊர் ஊராகப் போய் மூடநம்பிக்கைக்கு எதிராக மைக் பிடிப்பவர். எதிர்வீட்டு மூடநம்பிக்கை மட்டும் அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

தூ!

அடுத்த கண்ணாடியை எடுத்தபோது வகுப்பறை வாசலில் நிழல் விழுந்தது.

இந்திராணி.

கையில் மன்றத்து நோட்டீஸ். கிரகண நேரத்தில் தாராளமாகச் சாப்பிடலாம், மைதானத்தில் எல்லோருக்கும் பொங்கல் உண்டு. அவர் எழுதிய வாசகம்தான்.

"அண்ணே, இது நெசமா? சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாதும்மா."

"சின்னப் புள்ளைக்குக்கூடவா?"

"சின்னப் புள்ளைக்கும்தான்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்தார். சிரித்தாள்.

"அப்ப, நான் இல்லையாண்ணே?"

கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"நீ இல்லம்மா. நான்தான்…"

"ஆமாண்ணே, நீங்கதான் வந்து சொல்லணும்! நான் சொன்னா எங்க அத்தை கேக்குமா? வாங்க, இப்பவே வாங்க."

அவள் வேறு மாதிரி புரிந்துகொண்டாள்.

ஒரு நொடி அவருக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதை நினைத்துக் கூசிப்போனார். கண்ணாடிகளை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் நடந்தார். அவள் ஓடாத குறையாகப் போய்க்கொண்டிருந்தாள். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "அண்ணன் வீட்டுக்கு வராங்க" என்றாள்.

மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நோட்டீஸைக் காட்டியதும் முகத்தைச் சுளித்தாள்.

"சோறு இல்லேன்னா வேற என்னவாம்? இருவது புள்ளைக்கு வராதது இவளுக்கு மட்டும் ஏன் வந்துச்சாம்?"

"அண்ணே, சொல்லுங்க" என்றாள் இந்திராணி.

கௌசிகா உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். பதினேழு வயதுப் பெண். அவர் காதோரம் எதையோ தேடுவதுபோல் பார்த்தாள். அப்படி ஓரமாகப் பார்த்தால்தான் அவளுக்கு எதிரே இருக்கும் முகம் தெரியும்.

"உக்காருங்க மாமா."

அவர் உட்காரவில்லை. மாமியார் பக்கம் திரும்பவும் இல்லை.

கௌசிகாவைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்.

இந்திராணி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.