பச்சை தொடங்கும் இடம்

“பச்சை எங்க ஆரம்பிக்குதோ, அந்த இடத்தை இழுத்து மூடணும். சம்மதம்னா கை தூக்குங்க!”

சொல்லிவிட்டு, கடற்கரைப் பாதுகாப்புச் சங்கத் தலைவர் முதல் ஆளாகத் தன் கையைத் தூக்கினார்.

மண்டபமே தூக்கியது. முன்வரிசையில் இருந்த அவர் மனைவியும் தூக்கினாள், கொஞ்சம் தாமதமாக.

பின்வரிசையில் அவளுடைய தம்பி. மூடப்போவது அவனுடைய மீன் உலர்த்தும் கொட்டகையைத்தான் என்பது ஊருக்கே தெரியும்.

வெயில் ஏறினால் கடலில் பச்சைப்பாசி படர்வது வருடாவருடம் நடப்பதுதான். இந்த வருடம் அது கொட்டகை வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கி அழுகியது. நாற்றத்தில் தலைவரின் விடுதி காலியானது. கழிவு விழும் இடத்தில்தான் பாசி கொழுக்கும் என்று தலைவர் எங்கோ படித்தார். அன்றிலிருந்து விஞ்ஞானியும் ஆகிவிட்டார்.

கழிவு தன்னுடையதில்லை என்று தம்பி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை. விடியுமுன் எழுந்து, தனியாகக் கடலோரம் மூச்சுப்பயிற்சி செய்கிற கணவர் பொய்யா சொல்வார்?

ஆதாரத்துக்கு ட்ரோன் வைத்துப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார் தலைவர். வெட்டாமல் ஒட்டாமல் போட வேண்டும் என்பது கட்டளை. தான் முன்கூட்டிப் பார்ப்பதுகூட நேர்மையாகாது என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டார்.

“நல்லாப் பெரிசாப் போடச் சொல்லுங்க மாமா,” என்றான் தம்பி.

விளக்கு அணைந்தது. கைகள் இறங்கின.

திரையில் கொட்டகை வாசல். பச்சை அகலமாகப் பரந்து கிடந்தது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

படம் நகர்ந்தது. பச்சை ஒடுங்கியது, அடர்ந்தது, பின்னல் மாதிரி நீண்டது. தண்ணீருக்கடியில் ஒரு கறுப்புக் குழாயின் வாயில் போய் நின்றது. குழாய் விடுதியின் மதிலுக்குள் போனது.

யாரோ இருமினார்கள்.

“எனக்குத் தெரியாம… வேலைக்காரனுங்க பண்ண வேலை இது!” தலைவரின் குரலில் பாதியைக் காணோம்.

ஆமாம், வேலைக்காரர்கள். அவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்தது வேறொரு நாள் எடுத்தது, விடியற்காலை. மதிலோரம் ஒரு ஆள் குனிந்து, துருப்பிடித்த வால்வை இரண்டு கையாலும் திருகுகிறார். மேலிருந்து எடுத்த படத்தில் முகம் தெரியவில்லை, முதுகு மட்டும். திருகி முடித்துத் தோளிலிருந்த நீலக்கட்டம் போட்ட துண்டில் கையைத் துடைக்கிறார்.

அவளுக்கு முகம் தேவைப்படவில்லை.

தினமும் அந்தத் துண்டில் துருக்கறையைத் தேய்த்துத் தேய்த்துத் துவைப்பவள் அவள்தான். மூச்சு விட்டால் துரு ஒட்டுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இருட்டில் அவள் கை மறுபடியும் மேலே எழுந்தது.

இந்த முறை தாமதமில்லாமல்.