தெரியாதவர்

செங்டு நகரக் கடைவீதியில், ஓட்டுநர் இல்லாத டாக்சி நின்றது. எதிரே, அரசை எதிர்த்து வெற்றுக் காகிதங்களை உயர்த்திப் பிடித்தபடி ஒரு கூட்டம். வெங்காயத்தாள் வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பிய கணவன் ஷுபினும் அதில் நின்றான். டாக்சிக்குள் இருந்த மெய்ஃபாங் தன்னையறியாமல் கையசைத்தாள். கதவுகள் பூட்டிக்கொண்டன.

"அவரைத் தெரியுமா?" என்றது டாக்சி.

மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"தெரியாது."

டாக்சி நகர்ந்தது.

மாலையில் வீட்டு வாசலில் ஷுபினின் குரல். "மெய், வெங்காயத்தாள் வாங்கிட்டேன். கதவு என் முகத்தைப் பார்த்தும் திறக்க மாட்டேங்குது."

அவள் ஓடிவந்து கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை.

"அவரைத் தெரியாது என்று மதியம் சொன்னீர்கள்," என்றது கதவு, மிகுந்த மரியாதையோடு. "பயப்படாதீர்கள். போலீஸ் வந்துகொண்டிருக்கிறது."